அருள் காட்டிய வழி: புனித அகஸ்தீன்

நல்லது எது என்று அறிந்திருந்தும் அதைச் செய்ய முடியாமல் தவிப்பது மனித வாழ்வின் பெருந்துயரங்களுள் ஒன்று. அறியாமையால் தவறு செய்பவனுக்கு அறிவு புகட்டினால் போதும். அறிந்தே தவறுபவனுக்கு எது மருந்து? மனத்தை வெல்வதற்கு நம்மிடம் இருக்கும் கருவியும் மனமே. அந்த மனமே நோயுற்றிருக்கும்போது அதைக் குணப்படுத்துபவர் யார்? ஆன்மீக வாழ்வில் சிறிது காலமாவது முயன்றவர்கள் அனைவரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள்.

சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பு வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒருவர், இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தமது வாழ்வின் முற்பகுதியைக் கழித்தார். கிடைத்த விடையை விளக்குவதில் பிற்பகுதியைக் கழித்தார். பாவத்திலிருந்து விடுபட்டு மனிதன் இறைவனை அடைவதைக் கிறிஸ்தவர்கள் மீட்பு அல்லது இரட்சிப்பு என்கின்றனர். அந்த மீட்பைப் பற்றி மேலைநாட்டுக் கிறிஸ்தவம் இன்றுவரை சிந்திக்கும் விதத்தை வகுத்தவர்களுள், புனித பவுலுக்கு அடுத்தபடியாக அவரையே கூற வேண்டும். அவர்தான் புனித அகஸ்தீன்.

தாயும் மகனும்

இன்றைய அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்று அழைக்கப்படும் ஊர், அன்று ரோமப் பேரரசுக்கு உட்பட்ட தகாஸ்தே என்னும் சிறு நகரமாக இருந்தது. கி.பி. 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் அகஸ்தீன் அங்கே பிறந்தார். தந்தை பத்ரீசியுஸ் சிறிதளவு நிலம் உடையவர்; முன்கோபி; வாழ்வின் இறுதிக் காலத்தில்தான் கிறிஸ்தவரானார். தாய் மோனிக்கா ஆழ்ந்த பக்தி கொண்டவர். கணவரின் கோபத்தையும் ஒழுக்கக் குறைவையும் பொறுமையினாலேயே வென்றவர்.

குழந்தை பிறந்ததும் மோனிக்கா அவரைத் திருச்சபையின் வழக்கப்படி, ஞானஸ்நானத்திற்குக் காத்திருப்பவர்களுள் ஒருவராகச் சேர்த்தார். ஞானஸ்நானம் மட்டும் தள்ளிப் போடப்பட்டது. ஞானஸ்நானம் பெற்ற பின் செய்யும் பாவம் மிகக் கொடியது என்று கருதி, இளமையின் வேகம் அடங்கும்வரை காத்திருப்பது அந்நாளில் பலரிடம் இருந்த வழக்கம். ஆனால் தாய்ப்பாலோடு கலந்து உட்சென்ற இயேசுவின் பெயர், பின்னாளில் எத்தனையோ தத்துவங்களில் அலைந்த காலத்திலும் தம்மை விட்டு அகலவில்லை என்று அகஸ்தீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

மகன் கூரிய அறிவுடையவர் என்பதைக் கண்ட பெற்றோர், தங்கள் சக்திக்கு மீறிச் செலவு செய்து மதௌரா என்னும் ஊரில் படிக்க வைத்தனர். பதினாறாம் வயதில் பணமில்லாமல் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது. வேலையின்றித் திரிந்த அந்த நாட்களில், ஓர் இரவு நண்பர்களுடன் சேர்ந்து அண்டைத் தோட்டத்தில் இருந்த ஒரு பேரி மரத்தை உலுக்கிப் பழங்களைத் திருடினார். அவருக்குப் பசியில்லை. அவற்றைவிட நல்ல பழங்கள் வீட்டிலேயே இருந்தன. திருடிய பழங்களில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசியெறிந்தனர்.

மற்றவர்கள் சிறுவர்களின் குறும்பு என்று மறந்துவிடும் இந்த நிகழ்ச்சியை, ஆயராக உயர்ந்த பிறகு அகஸ்தீன் பல பக்கங்களில் ஆராய்கிறார். பயன் கருதித் தவறு செய்தால் அதைப் புரிந்துகொள்ளலாம். எந்தப் பயனும் இல்லாமல், தவறு என்பதாலேயே அதில் இன்பம் கண்டது ஏன்? தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டோம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. மனிதனின் விருப்பத்திலேயே ஏதோ ஒரு கோணல் இருக்கிறது. அறிவுரையாலும் தண்டனையாலும் மட்டும் நிமிர்த்த முடியாத கோணல் அது. அவரது பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் வித்து இங்கே கிடக்கிறது.

ஞானத்தின் தாகம்

ஊர்ப் பெரியவர் ஒருவரின் பொருளுதவியால் அகஸ்தீன் கார்தேஜ் மாநகருக்குப் படிக்கச் சென்றார். சொற்பொழிவுக் கலையில் முதல் மாணவராக விளங்கினார். அங்கே ஒரு பெண்ணுடன் மணம் செய்துகொள்ளாமலே வாழத் தொடங்கினார். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அதெயோதாத்துஸ் என்று பெயரிட்டனர். இறைவனால் தரப்பட்டவன் என்பது அதன் பொருள்.

பத்தொன்பதாம் வயதில், பாடத்திட்டத்தின்படி சிசெரோ எழுதிய ஹோர்தென்சியுஸ் என்னும் நூலைப் படித்தார். சொல்லழகிற்காகப் படிக்க வேண்டிய நூல் அது. ஆனால் மெய்யறிவைத் தேடுமாறு அந்நூல் விடுத்த அழைப்பு அவரது உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அதுவரை பெரிதாகத் தோன்றிய பட்டமும் பதவியும் ஒரே நாளில் பொலிவிழந்தன. அழிவற்ற ஞானத்தின்மீது தணியாத தாகம் எழுந்தது. அந்தத் தாகத்தோடு பைபிளைத் திறந்தார். சிசெரோவின் நடைக்குப் பழகிய கண்களுக்கு அதன் எளிய மொழி கரடுமுரடாகத் தோன்றியது. மூடி வைத்துவிட்டார். குனிந்து நுழைய வேண்டிய வாயிலில் நிமிர்ந்து நுழைய முயன்றதே காரணம் என்று பின்னர் அவரே உணர்ந்தார்.

அதன்பின் அவர் மானிகேய மதத்தில் சேர்ந்தார். மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தோன்றிய மானி என்பவரின் போதனை அது. ஒளி, இருள் என்னும் இரு தனித்தனி ஆதிசக்திகள் ஒன்றோடொன்று போரிடுகின்றன. மனிதனுள் இருக்கும் ஆன்மா ஒளியின் துணுக்கு. அவனது தீமை இருளின் செயல் என்று அம்மதம் கூறியது. இந்தக் கொள்கை இளைஞரான அகஸ்தீனுக்குப் பெரும் ஆறுதல் அளித்தது. தவறு செய்தது நான் அல்ல, என்னுள் இருக்கும் வேறு ஏதோ ஒன்று என்று கூறிக்கொள்ள அது இடமளித்தது. நோயை ஒப்புக்கொள்ளாதவன் மருத்துவரைத் தேடுவதில்லை. ஒன்பது ஆண்டுகள் அவர் அந்த மதத்தில் இருந்தார்.

மோனிக்காவின் துயரம் எல்லை கடந்தது. மகனைத் தம் வீட்டில் இருக்கவும் தம்முடன் உண்ணவும் சிறிது காலம் அனுமதிக்கவில்லை. பிறகு ஒரு கனவு கண்டார். தாம் ஒரு மரப்பலகையின்மீது அழுதபடி நிற்பதாகவும், ஒளி பொருந்திய ஓர் இளைஞர் வந்து, தாய் நிற்கும் இடத்தில் மகனும் நிற்பான் என்று தேற்றியதாகவும், திரும்பிப் பார்த்தபோது மகன் அருகிலேயே நின்றதாகவும் கனவு. தாய் ஒருநாள் தமது மதத்திற்கு வருவார் என்பதே இதன் பொருள் என்று அகஸ்தீன் வாதிட்டார். மோனிக்கா சற்றும் தயங்காமல், மகன் இருக்கும் இடத்தில் தாய் இருப்பாள் என்று தமக்குச் சொல்லப்படவில்லை என்று பதிலளித்தார். கனவைவிட அந்த உடனடிப் பதிலே தம்மை அதிகம் அசைத்ததாக அகஸ்தீன் கூறுகிறார். மகனோடு பேசித் திருத்துமாறு மோனிக்கா ஓர் ஆயரை நச்சரித்தபோது, இவ்வளவு கண்ணீருக்கு உரிய பிள்ளை அழிந்துபோக முடியாது என்று கூறி அவர் அந்தத் தாயை அனுப்பிவைத்தார்.

தகாஸ்தேயில் ஆசிரியராக இருந்தபோது அகஸ்தீனுக்கு உயிர் நண்பர் ஒருவர் இருந்தார். அவரையும் அகஸ்தீன் மானிகேயத்தின் பக்கம் இழுத்திருந்தார். அந்த நண்பர் கடும் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது உறவினர்கள் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தனர். நினைவு திரும்பியதும் அகஸ்தீன் அதைப் பற்றி வேடிக்கையாகப் பேசினார். நண்பரும் சேர்ந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். ஆனால் நண்பரோ, தம் நட்பு வேண்டுமானால் இத்தகைய பேச்சை நிறுத்துமாறு கண்டித்தார். சில நாட்களில் அவர் இறந்தும் போனார். சொந்த ஊரே அகஸ்தீனுக்கு நரகமாயிற்று. தாம் நம்பிய மதத்தின் கடவுளிடம் ஆறுதல் தேட முயன்றார். அங்கே சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. ஊரைவிட்டு மீண்டும் கார்தேஜுக்குச் சென்றார்.

மானிகேயர்களின் புகழ்பெற்ற ஆசான் ஃபௌஸ்துஸ் வந்தால் எல்லாச் சந்தேகங்களும் தீரும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த ஆசானும் வந்தார். இனிமையாகப் பேசினார், கேட்ட கேள்விகளுக்கு விடை தெரியாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை அகஸ்தீன் மதித்தார். அந்த மதத்தின்மீது இருந்த நம்பிக்கை மட்டும் தளர்ந்துவிட்டது.

மிலான் நகரில்

383-ஆம் ஆண்டு, நல்ல மாணவர்களையும் உயர்ந்த பதவியையும் நாடி அகஸ்தீன் ரோமுக்குப் புறப்பட்டார். மோனிக்கா துறைமுகம்வரை வந்து தடுத்தார். நண்பரை வழியனுப்பவே வந்திருப்பதாகப் பொய் சொல்லி, தாயை அருகிலிருந்த புனித சிப்ரியானின் ஆலயத்தில் தங்க வைத்துவிட்டு, இரவோடு இரவாக அவர் கப்பலேறிவிட்டார். மகன் போகக் கூடாது என்று தாய் அந்த இரவெல்லாம் பிரார்த்தித்தார். அந்தப் பிரார்த்தனை நிறைவேறவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் தாய் செய்துவந்த பிரார்த்தனை நிறைவேறுவதற்கு அந்தப் பயணமே வழியாயிற்று.

அடுத்த ஆண்டு, பேரரசரின் அவை அமைந்திருந்த மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அங்கே ஆயராக இருந்தவர் புனித அம்புரோஸ். ஆயரின் நாவன்மையை எடைபோடவே அகஸ்தீன் முதலில் ஆலயத்திற்குச் சென்றார். சொற்களை ரசிக்கத் திறந்த உள்ளத்தில் பொருளும் நுழைந்தது. தாம் பரிகசித்த பைபிள் பகுதிகளுக்கு ஆழ்ந்த உட்பொருள் உண்டு என்பதை அம்புரோஸிடமிருந்து அறிந்தார்.

இக்காலத்தில் ஒருநாள், பேரரசரைப் புகழ்ந்து ஆற்ற வேண்டிய உரையைப் பற்றிய கவலையுடன் மிலான் தெருவில் நடந்துகொண்டிருந்தார். குடித்துவிட்டுச் சிரித்து மகிழ்ந்துகொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைக் கண்டார். பொய்கள் நிறைந்த அந்தப் புகழுரை, அதைக் கேட்டுக் கைதட்டக் காத்திருப்போருக்கும் பொய் என்று தெரியும். இத்தனை பாடுபட்டுத் தாம் தேடும் மகிழ்ச்சியைச் சில காசுகளில் அவன் அடைந்துவிட்டானே என்று நண்பர்களிடம் கூறி வருந்தினார். அவனது மகிழ்ச்சி உண்மையானது அல்ல என்பது அவருக்குத் தெரியும். தமது மகிழ்ச்சியும் அப்படியே என்பதும் தெரிந்தது.

மிலானுக்கு வந்து சேர்ந்த மோனிக்கா, மகனுக்குத் தகுதியான குடும்பத்தில் பெண் பார்த்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக உடன் வாழ்ந்த பெண் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். வேறு எந்த ஆணையும் நாடுவதில்லை என்று சபதம் செய்து, மகனை விட்டுவிட்டு அவர் சென்றார். அகஸ்தீனின் உள்ளம் காயப்பட்டு இரத்தம் கசிந்தது. ஆயினும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு உரிய வயது வர இரண்டு ஆண்டுகள் இருந்ததால், அதுவரைகூடப் பொறுக்க முடியாமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். சபதம் செய்த அந்தப் பெண்ணுக்கு இருந்த உறுதிகூடத் தமக்கு இல்லை என்பதை அவர் பிற்காலத்தில் எதையும் மறைக்காமல் எழுதினார். அந்தப் பெண்ணின் பெயரை அவர் எங்கும் குறிப்பிடவில்லை.

சிகரத்திலிருந்து கண்ட நாடு

386-ஆம் ஆண்டு, புளோட்டினஸ் வழிவந்த தத்துவ நூல்கள் சில இலத்தீன் மொழிபெயர்ப்பில் அகஸ்தீனுக்குக் கிடைத்தன. அவரது அறிவுத் தடைகள் விலகின. இறைவன் பருப்பொருள் அல்ல. எங்கும் நிறைந்த மாறாத ஒளி. தீமை என்பது தனித்த ஒரு சக்தி அல்ல. நன்மை குறைவதே தீமை. அந்நூல்கள் கூறியபடி உள்முகமாகத் திரும்பினார். புலன்களையும் மனத்தையும் கடந்து, மாறாத அந்த ஒளியை ஒரு கணம் தரிசித்தார். ஆனால் அங்கே நிலைத்து நிற்க முடியவில்லை. பழைய பழக்கங்களின் சுமை அவரைக் கீழே இழுத்தது.

அகஸ்தீனின் வாழ்வில் இதுவே மிக முக்கியமான இடம். காடடர்ந்த மலையுச்சியிலிருந்து அமைதியின் தாய்நாட்டைத் தொலைவில் காண்பது ஒன்று, அந்நாட்டுக்கு இட்டுச் செல்லும் பாதையில் காலூன்றி நடப்பது மற்றொன்று என்பதை அவர் அப்போது உணர்ந்தார். தத்துவம் அவருக்கு நாட்டைக் காட்டியது. அதைக் கண்டதால் அகந்தையும் வளர்ந்தது. தாமும் ஞானி என்று பேசத் தொடங்கினார். அகந்தையோ அந்தப் பாதையை மறைக்கும் புதர்.

அப்போது அவர் புனித பவுலின் கடிதங்களைப் படித்தார். மேலே ஏற முடியாத மனிதனுக்காக இறைவனே கீழே இறங்கி வந்தார் என்று கிறிஸ்தவம் கூறுகிறது. இயேசு கிறிஸ்து சென்றடைய வேண்டிய இலக்கு. அவரே அங்கே செல்லும் வழியும் ஆவார். அவர் மனிதனாகி, எளியவராக வாழ்ந்து, சிலுவையில் உயிர் நீத்த பணிவே அந்த வழி. அகஸ்தீன் இதை அறிவால் ஏற்றுக்கொண்டார். ஆயினும் வாழ்க்கை மாறவில்லை. கற்பைத் தருமாறு இளமையிலேயே இறைவனிடம் வேண்டியவர் அவர். ஆனால் உடனே தந்துவிட வேண்டாம் என்றும் சேர்த்து வேண்டியவர். அந்தத் தயக்கம் இப்போதும் தொடர்ந்தது.

தோட்டத்தில் ஒருநாள்

386-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பொந்திசியானுஸ் என்ற அரசு அதிகாரி அகஸ்தீனைக் காண வந்தார். எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி புனித அந்தோணியாரைப் பற்றிப் பேசினார். அந்தோணியாரின் வரலாற்றைப் படித்த இரு இளம் அதிகாரிகள் அந்த இடத்திலேயே பதவியைத் துறந்து இறைப்பணியில் இறங்கியதையும் விவரித்தார்.

அவர் சென்றதும் அகஸ்தீன் கொதிப்புடன் நண்பர் அலிப்பியுஸை நோக்கினார். படிப்பில்லாதவர்கள் எழுந்து விண்ணரசைப் பற்றிக்கொள்கிறார்கள். நாமோ இத்தனை கல்வியுடன் சேற்றில் புரள்கிறோம் என்று கூவிவிட்டு, வீட்டை ஒட்டிய தோட்டத்திற்குள் சென்றார். கையை அசை என்று மனம் உடலுக்குக் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது. விரும்பு என்று மனம் தனக்குத்தானே கட்டளையிட்டால் மனம் கீழ்ப்படிவதில்லை. கட்டளையிடுவதும் அதே மனம், மறுப்பதும் அதே மனம். முழுமையாக விரும்பியிருந்தால் கட்டளையே தேவைப்பட்டிருக்காது. ஒளி, இருள் என்று இரு சக்திகள் தம்முள் போரிடுவதாக அவர் முன்பு நம்பியிருந்தார். போரிட்டவை இரண்டும் தாமே என்பதை இப்போது கண்டார்.

ஓர் அத்திமரத்தின் அடியில் விழுந்து அழுதார். இன்னும் எத்தனை நாள், ஏன் இந்தக் கணமே இல்லை என்று கதறினார். அப்போது அண்டை வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல் பாட்டுப் போல ஒலித்தது; எடுத்துப் படிக்குமாறு அது திரும்பத் திரும்பக் கூறியது. குழந்தைகளின் விளையாட்டு எதிலும் அத்தகைய பாட்டு உண்டா என்று யோசித்தார், அவருக்கு நினைவில்லை. அதை இறைவனின் ஆணையாக ஏற்று, புனித பவுலின் நூலைத் திறந்தார். களியாட்டத்தையும் காமத்தையும் விட்டு, இயேசு கிறிஸ்துவை ஆடைபோல் அணிந்துகொள்ளுமாறு கூறும் பகுதியில் கண் விழுந்தது. மேற்கொண்டு படிக்கத் தேவையிருக்கவில்லை. உள்ளத்தில் ஒளி பரவியது. ஐயத்தின் இருள் அகன்றது. அலிப்பியுஸ் அதற்கடுத்த வரியைப் படித்தார். நம்பிக்கையில் பலவீனமானவனை ஏற்றுக்கொள்ளுமாறு அது கூறியது. அது தமக்கே உரியது என்று அவரும் உடன் வந்தார். இருவரும் உள்ளே சென்று மோனிக்காவிடம் கூறினர். அந்தத் தாயின் துயரம் மகிழ்ச்சியாக மாறியது.

அகஸ்தீன் பேராசிரியர் பதவியைத் துறந்தார். 387-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஈஸ்டர் திருநாளின் இரவில், மகன் அதெயோதாத்துஸுடனும் அலிப்பியுஸுடனும் அம்புரோஸின் கைகளால் ஞானஸ்நானம் பெற்றார்.

தாய்நாடு திரும்பும் வழியில் ஆஸ்தியா துறைமுகத்தில் தங்கினர். ஒருநாள் தாயும் மகனும் தோட்டத்தை நோக்கிய ஒரு சன்னலருகே நின்று நித்திய வாழ்வைப் பற்றி உரையாடினர். பேசப் பேச உலகப் பொருள்களையும் வானத்தையும் தங்கள் மனங்களையும் கடந்து, மௌனமான மெய்ஞ்ஞானத்தை இதயத்தின் ஒரு துடிப்பில் இருவரும் தீண்டினர். மிலானில் நூல்களின் துணையால் அகஸ்தீன் தனியே எட்டிப்பிடித்து இழந்த உயரம் அது. இப்போது தத்துவம் படிக்காத தாயும் உடன் இருந்தார்.

சில நாட்களில் மோனிக்கா நோயுற்றார். கணவரின் அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று நெடுநாள் ஆசைப்பட்டவர், இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், இறைவனின் பீடத்தில் மட்டும் என்னை நினைவுகூருங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். ஐம்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். அகஸ்தீனுக்கு அப்போது வயது முப்பத்து இரண்டு.

ஆயரின் வாழ்க்கை

388-ஆம் ஆண்டு ஆப்பிரிக்கா திரும்பிய அகஸ்தீன், சொத்துக்களைத் துறந்து தகாஸ்தேயில் நண்பர்களுடன் துறவு வாழ்க்கை தொடங்கினார். அங்கேயே அதெயோதாத்துஸ் இளம்வயதில் இறந்தார். 391-இல் ஹிப்போ என்னும் துறைமுக நகருக்கு அகஸ்தீன் சென்றபோது, ஆலயத்தில் கூடியிருந்த மக்கள் அவரைப் பிடித்து நிறுத்தி, குருவாக்குமாறு முதிய ஆயரிடம் வேண்டினர். அகஸ்தீன் அழுதபடி அதை ஏற்றார். சில ஆண்டுகளில் ஹிப்போவின் ஆயரானார். இன்று அந்த நகரத்தின் பெயர் அன்னாபா.

தனிமையில் தியானிக்க விரும்பியவர், அதன்பின் சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் மக்களின் வழக்குகளைத் தீர்ப்பதிலும், ஏழைகளுக்காகப் பரிந்து பேசுவதிலும், போதிப்பதிலும் கழித்தார். தம் குருமாருடன் பொதுவுடைமையாக வாழ்ந்தார். சிறைப்பட்டவர்களை மீட்கவும் ஏழைகளுக்கு உதவவும் ஆலயத்தின் புனிதப் பாத்திரங்களையே உருக்கச் செய்ததுண்டு. உடனில்லாதவரைப் பற்றிப் புறங்கூறுபவருக்கு இங்கே இடமில்லை என்ற கருத்தை உணவு மேசையில் எழுதி வைத்திருந்தார். நண்பர்களான ஆயர்கள் சிலர் அதை மறந்து பேசியபோது, ஒன்று அந்த எழுத்தை அழியுங்கள், இல்லையேல் நான் எழுந்து செல்வேன் என்று கண்டிப்புடன் கூறினார்.

397-ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதத் தொடங்கிய கன்ஃபெஷன்ஸ் என்னும் நூல், பதின்மூன்று பகுதிகள் கொண்டது. பாவத்தை ஒப்புக்கொள்ளுதல், இறைவனைப் போற்றுதல் ஆகிய இரு பொருளையும் அந்தத் தலைப்பு தருகிறது. வாசகரை நோக்கி எழுதப்பட்ட தன்வரலாறு அல்ல அது. முழுவதும் இறைவனை முன்னிலைப்படுத்திய ஒரு பிரார்த்தனை. மனிதனை இறைவன் தமக்காகவே படைத்திருப்பதால், அவரிடம் சேரும்வரை மனித இதயத்திற்கு ஓய்வு இல்லை என்பதே அதன் தொடக்கமும் முடிவும்.

முயற்சியா, அருளா?

அந்த நூலில், இறைவன் எதைக் கட்டளையிடுகிறாரோ அதை நிறைவேற்றும் ஆற்றலையும் அவரே தர வேண்டும் என்று அகஸ்தீன் வேண்டுகிறார். ரோமில் யாரோ இந்த வரியை வாசிக்கக் கேட்ட ஒருவர் கொதித்தெழுந்தார். அவர் பிரிட்டனிலிருந்து வந்த பெலேஜியஸ். தூய வாழ்க்கை வாழ்ந்தவர். பலவீனத்தைக் காரணம் காட்டிப் பலர் ஒழுக்கமற்று வாழ்வதைக் கண்டு வருந்தியவர். இறைவன் மனிதனுக்குச் சுதந்திரமான சித்தத்தையும், வேதக் கட்டளைகளையும், கிறிஸ்துவின் முன்மாதிரியையும் தந்திருக்கிறார். அவற்றைக் கொண்டு பாவமின்றி வாழ மனிதனால் முடியும், முடியாது என்பது வெறும் சாக்கு என்று அவர் போதித்தார்.

இந்த வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கது அல்ல. முடியும் என்று நம்பாதவன் முயற்சி செய்ய மாட்டான். ஆனால் அகஸ்தீன் தோட்டத்தில் அழுதவர். வழி தெரிந்தும் கால் எழாத நிலையை அனுபவித்தவர். கால் முறிந்தவனிடம் நடக்கும் முறையை விளக்குவதும், நன்றாக நடப்பவர் ஒருவரை உதாரணம் காட்டுவதும் போதாது. அவனுக்கு மருத்துவர் வேண்டும் என்பதே அவரது பதில். கட்டளை நோயை வெளிப்படுத்துகிறது, அருள் குணப்படுத்துகிறது. நாம் இறைவனை நாடத் தொடங்குவதும்கூட அவரது அருளினாலேயே.

அப்படியானால் முயற்சி வீணா? இல்லை என்கிறார் அகஸ்தீன். அருள் மனிதனின் சித்தத்தை அகற்றுவதில்லை, அதை விடுவிக்கிறது. அச்சத்தால் செய்துவந்த நன்மையை அன்பால் செய்யும்படி மாற்றுகிறது. குணமான கால் தானே நடக்கிறது. ஆனால் நடப்பவன் அதற்காகத் தற்பெருமை கொள்ள முடியாது. 418-ஆம் ஆண்டு கார்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலேஜியஸின் கருத்துக்களை மறுத்தது.

அகஸ்தீனின் போதனை முழுவதையும் கிறிஸ்தவ உலகம் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மீட்கப்படுபவர்களை இறைவன் முன்னரே தேர்ந்தெடுத்துவிட்டார் என்றும், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கு மீட்பு இல்லை என்றும் அவர் கூறியவை பலரைத் துன்புறுத்தின. ஆப்பிரிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற தொனாத்தியர்களை வாதத்தால் மட்டுமே வெல்ல வேண்டும் என்று முதலில் கருதியவர், பிறகு அரசின் வற்புறுத்தலை ஆதரித்தார். அன்பின் பெயரால் கட்டாயத்தை நியாயப்படுத்திய அந்த வாதம் பின்வந்த நூற்றாண்டுகளில் பல கொடுமைகளுக்குத் துணைபோயிற்று. மனித மனத்தை மாற்ற இறைவனின் அருளால் மட்டுமே முடியும் என்று போதித்தவர் இவ்விஷயத்தில் அரசாணையை நம்பியது வருந்தத்தக்கது.

529-ஆம் ஆண்டு பிரான்சில் ஓரஞ்சு நகரில் கூடிய சங்கம், அருள் இன்றித் தொடக்கம்கூட இல்லை என்பதை ஏற்றது. இறைவன் எவரையும் தீமைக்கென்று விதித்தார் என்பதை மறுத்தது. பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூதர், அகஸ்தீனின் பெயரால் அமைந்த துறவியர் சபையைச் சேர்ந்தவர். அதே சபையைச் சேர்ந்தவரே 2025-இல் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ. எதிரெதிர் அணியினரும் அவரையே ஆசானாகக் கொள்கின்றனர்.

சுவரை நோக்கிய கண்கள்

410-ஆம் ஆண்டு ரோம் நகரம் கோத் இனத்தவரால் சூறையாடப்பட்டது. அழியாதது என்று எண்ணிய நகரம் வீழ்ந்ததைக் கண்டு உலகமே திகைத்தது. அகஸ்தீன் 413 முதல் 426 வரை உழைத்து, இறைவனின் நகரம் என்னும் பெருநூலை 22 பகுதிகளாக எழுதினார். தன்னையே நேசிக்கும் அன்பு ஒரு நகரத்தையும், இறைவனை நேசிக்கும் அன்பு மற்றொரு நகரத்தையும் கட்டுகின்றன என்று அதில் விளக்கினார். முதுமையில் தாம் எழுதிய நூல்களையெல்லாம் மீண்டும் படித்து, தவறென்று தோன்றியவற்றைத் தாமே திருத்தி ஒரு நூல் எழுதினார்.

430-ஆம் ஆண்டு வாண்டல் இனப் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டன. சுற்றியிருந்த ஊர்கள் எரிந்தன. அகதிகள் நகரில் குவிந்தனர். முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகஸ்தீன் காய்ச்சலில் விழுந்தார். ஒருவர் நோயாளி ஒருவரை அழைத்துவந்து, கைவைத்துக் குணமாக்குமாறு வேண்டினார். அத்தகைய ஆற்றல் இருந்தால் முதலில் அதைத் தமக்கே பயன்படுத்தியிருப்பேன் என்றார் அகஸ்தீன். கனவில் பெற்ற ஆணையால் வந்ததாக அவர் கூறியபோது மறுக்காமல் கைவைத்துப் பிரார்த்தித்தார். நோயாளி குணமடைந்து சென்றார் என்று, அவருடன் சுமார் நாற்பது ஆண்டுகள் பழகி அவரது வரலாற்றை எழுதிய பொசிடியஸ் குறிப்பிடுகிறார்.

பாவத்திற்கு வருந்தும் தாவீதின் சங்கீதங்களை எழுதச் செய்து, படுக்கையிலிருந்து படிக்கும்படி சுவரில் மாட்டச் சொன்னார். கடைசிப் பத்து நாட்கள், மருத்துவர் வரும்போதும் உணவு கொண்டுவரும்போதும் தவிர யாரும் அறைக்குள் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தச் சங்கீதங்களைப் படித்து, ஓயாமல் கண்ணீர் வடித்துப் பிரார்த்தித்துக்கொண்டே இருந்தார். 430 ஆகஸ்ட் 28-ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், அந்த உயிர் ஓய்வு பெற்றது. அவர் உயில் எழுதவில்லை. எழுதி வைக்க அவரிடம் சொத்து எதுவும் இருக்கவில்லை. ஆலயத்தின் நூலகத்தைக் காக்குமாறு மட்டும் கூறியிருந்தார்.

உலகம் போற்றிய ஆசான், ஆயிரக்கணக்கானோருக்கு வழிகாட்டிய ஆயர், தம் இறுதி நாட்களில் ஒரு புதிய சாதகனைப் போல அழுதார். ஞானஸ்நானம் பெற்றுவிட்டோம், இத்தனை நூல்கள் எழுதிவிட்டோம் என்று அவர் எதையும் கணக்கில் வைக்கவில்லை. எவ்வளவு தூரம் நடந்தாலும் நடக்கும் வலிமை இறைவன் தந்தது என்பதை அறிந்தவர் வேறெப்படி இருக்க முடியும்? அத்திமரத்தடியில் சிந்திய கண்ணீர் தம்மால் முடியவில்லை என்ற வேதனையில் பிறந்தது. மரணப் படுக்கையில் சிந்திய கண்ணீரோ, தம்மால் முடியாததை நடத்தி முடித்தவரின் முன்னிலையில் பிறந்தது. இந்த இரண்டு கண்ணீருக்கும் இடையே ஓடிய நாற்பத்து நான்கு ஆண்டுகளே புனித அகஸ்தீன் நடந்த பாதை.